கண்ணகி காணாத மதுரை

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை என்றொரு பகுதி உண்டு. பெயரிலேயே பொருள் விளங்கும். புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டுக் கோவலன் தனியனாய் நகருள் புகுகின்றான். மணி விற்கும் வீதி, பொன் வாணிகர் வீதி, அறுவை வாணிகர் வீதி, கூல வாணிகர் வீதி எனச் சுற்றி வருகின்றான். இளங்கோவடிகளுக்கு அவசரமே இல்லை. வைரத்தின் குற்றம் யாது, மரகதத்தின் ஒளி எத்தகையது என்று ஒன்பது மணிகளையும் எடுத்து வைத்துப் பேசுகின்றார். பொன்னுக்குச் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நான்கு வகை கூறுகின்றார். துலாக்கோலோடு திரிவாரையும், முகத்தலளவைக் கருவியோடு நிற்பாரையும், மிளகு மூட்டைகளையும்கூட விட்டாரில்லை. ஊரைக் கண்ட மகிழ்வோடு கோவலன் மதிற்புறத்திற்கு மீள்கின்றான். காதை முடிகின்றது.

இக்காதையை இருபத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வருகின்றேன். மணிகளின் பெயர்களை மாணவர் மனப்பாடம் செய்வர். தேர்வில் வரிசை பிறழாது எழுதுவர். நானும் மதிப்பெண் வழங்குவேன். ஈராண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் விடைத்தாள் என் வழக்கத்தைக் குலைத்துவிட்டது. மதுரையின் வணிக வளத்தை விளக்குமாறு கேட்ட வினாவுக்கு நான்கு பக்கம் முறையாக எழுதியிருந்தாள். இறுதியில், வினாவுக்குத் தொடர்பில்லாத இரு வரிகள். கோவலன் ஊரைக் கண்டான். கண்ணகி அவ்வூரின் வீதிகளில் நடந்தது சிலம்பைக் கையில் ஏந்தி அழுதுகொண்டு வந்த அன்றுதான் என்று எழுதியிருந்தாள்.

நான் புத்தகத்தை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். அவள் சொன்னது உண்மை. அடைக்கலக் காதையில் மாதரியோடு சென்று மதிலின் பொறிகளையும் வாயிலையும் கடந்து ஆயர் மனை புகுகின்றாளே தவிர, மணிவீதியும் பொன்வீதியும் கண்ணகிக்குக் காட்டப்படவில்லை. கோவலனுக்கு ஊர்காண் காதை வாய்த்தது. அவளுக்கு வாய்த்தது ஊர்சூழ் வரி. இரண்டையும் ஆண்டுதோறும் நடத்தும் எனக்கு இவ்வேறுபாடு ஒருநாளும் உறைத்ததில்லை.

அம்மாணவியை அழைத்துப் பாராட்டினேன். மதுரையைப் பார்த்திருக்கிறாயா அம்மா என்று கேட்டேன். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரத் தொலைவு.

“போயிருக்கேன் ஐயா. நன்னிக்குக் கண் ஆபரேசன் செஞ்சப்போ மூணு நாள் ஆசுபத்திரியில இருந்தோம்.”

“ஊரைப் பார்த்தாயா?”

“சன்னல் வழியாப் பார்த்தேன் ஐயா.”

மறுநாள் வகுப்பில் இதே வினாவைப் பொதுவாகக் கேட்டேன். அவ்வகுப்பில் 42 பேர்; அவர்களுள் 31 பேர் மாணவியர். மதுரைக்கே சென்றிராதவர் சிலர். சென்றிருந்த மாணவியருள் பெரும்பாலோர் மருத்துவமனைக்குச் சென்றவர்கள். ஏனையோர் அக்காள் திருமணத்துக்கு ஜவுளி எடுக்கச் சென்றவர்கள். வேனிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வேனுக்கு. தமிழிலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு, அவ்விலக்கியம் பிறந்து வளர்ந்த நகர் நோயாளியின் கட்டிலுக்கு அருகிலிருந்த ஒரு சன்னலாக மட்டுமே அறிமுகமாகியிருக்கின்றது.

எங்கள் துறை ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா நடத்தத்தான் செய்கின்றது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வாண்டும் இரண்டு பகல் ஓரிரவுத் திட்டம் ஒன்று தீட்டினோம். தீட்டியவன் நானே. கோயில், மகால், காந்தி அருங்காட்சியகம், அழகர்மலை, தெப்பக்குளம், மறுநாள் ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா, இறுதியாக ஒரு வணிக வளாகம். இரவுத் தங்கல் உண்டு என்று அறிவித்த அன்றே மாணவியர் அனைவரும் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். வீட்டில் அனுமதி இல்லை. அவர்களைப் பெற்றோரைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. என் மகளாயின் நானும் இருமுறை எண்ணியிருப்பேன்.

சென்ற மாணவர்களேனும் கண்டார்களா? கோயிலை அடைந்தபோது உச்சிப்பொழுது. நடை சாத்தும் நேரம். கோபுரத்தின் முன் ஒரு புகைப்படம். மகாலில் முப்பது நிமிடம். அருங்காட்சியகத்துக்கு மூடுவதற்குச் சற்று முன் சென்று, படங்களின் கீழுள்ள எழுத்துகளைப் படிக்காமலே மறுவாயில் வழியாக வெளிவந்தோம். நீர் விளையாட்டுப் பூங்காவில் மட்டும் ஆறு மணி நேரம். திரும்பி வந்து சுற்றுலா அறிக்கை எழுதச் சொன்னேன். பெரும்பாலான அறிக்கைகளில் விரிவாக எழுதப்பட்டிருந்தது பேருந்தில் சன்னலோர இருக்கைக்கு நடந்த பூசல்தான். ஒரு மாணவன் திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி எழுதிய ஒரே வாக்கியம், அதன் தூண்கள் பெரியவை என்பது. பொய்யில்லை, தூண்கள் பெரியவைதாம்.

மாணவியர் வராமற்போனதும், மாணவர் காணாமற்போனதும் இரு வேறு குறைகள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அவ்வாறு நினைக்கவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. இடங்களின் எண்ணிக்கையை மிகுத்தோம். அதனால் இரவுத் தங்கல் தேவையாயிற்று. இரவுத் தங்கலால் மாணவியர் விலகினர். எண்ணிக்கை மிகுந்ததால், சென்றவர்களும் எங்கும் நிற்கவில்லை. ஆகவே மருந்தும் ஒன்றே என்பது என் துணிபு. ஒரே ஊர், ஒரே பகல், கூடியமட்டும் கால்நடை. விடியலில் புறப்பட்டு மக்ரிபுக்குள் வீடு திரும்பிவிடும் பயணம்.

அங்ஙனம் ஒரு பகலில் மதுரையில் எதைக் காண்பது? அண்மையில் நான்கு முறை தனியே சென்று, நடந்து, நேரம் குறித்து வந்தேன். நான் கண்ட வழியை இங்கு வைக்கின்றேன்.

பெரியார் பேருந்து நிலையத்தருகே பழைய கோட்டையின் மேற்கு வாசல் கொத்தளம் ஒன்று எஞ்சி நிற்கின்றது. எத்தனையோ பேர் அதனருகே பேருந்துக்குக் காத்திருப்பர். ஏறிட்டுப் பார்ப்பவர் அரியர். அங்கே தொடங்க வேண்டும். மதுரையைச் சுற்றி நின்ற கோட்டைமதிலை ஆங்கிலேயர் ஆட்சியில், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் இடிப்பித்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அந்நிலத்தில் உரிமை என்பது ஏற்பாடு. அவ்வாறு எழுந்தவையே வெளிவீதிகள். இடிப்புப் பணியில் ஈடுபட்டவர்களின் நினைவாக மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் பெயர் தாங்கி நிற்கின்றன. கோவலன் மீண்டு சென்ற கொடிமதில் இதுவன்று, நாயக்கர் காலத்தது. ஆயினும் மதில் என்னும் சொல்லுக்கு ஒரு மாணவி கையால் தொட்டுப் பொருள் காணக் கிடைக்கும் கல் இது.

அங்கிருந்து சில நிமிட நடையில் காசிமார் தெரு. பாண்டியர் காலந்தொட்டு இருந்து வருவதாகக் கொள்ளப்படும் பெரிய பள்ளிவாசல் அங்குள்ளது. நகரின் நடுநாயகமாகிய கோயிலுக்கு நடந்து செல்லும் தொலைவில், மதிலுக்கு உட்புறத்திலேயே அமைந்த பழைய முஸ்லிம் குடியிருப்பு இது. அப்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கிக் கூற வேண்டியதில்லை. தெருவைப் பார்த்தாலே போதும்.

பின் மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று இவ்வீதியிலுள்ள ஒரு வீட்டின் மாடியில் தங்கியிருந்தபோதுதான் காந்தியடிகள் தம் மேலாடைகளைக் களைந்து அரையாடைக்கு மாறினார். கீழே கதர்க் கடை நடைபெறும் கட்டடம் அது. அவர் கண்ட மதுரையில் ஏழை உடுத்த ஆடைதான் அவர் உடுப்பை மாற்றியது. ஊர் காண்பது என்றால் இவ்வளவு தூரம் போகலாம் என்று மாணவர்க்குச் சொல்ல நினைத்திருக்கின்றேன். சொன்னால் சிரிப்பார்களோ என்ற தயக்கமும் உண்டு.

மாசி வீதியைப் பற்றி ஒரு செய்தி. மதுரையின் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்களின் பெயரால் அமைந்தவை. சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுவானேன்? மாசித் திங்களில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்றும், தேரோடும் தடம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது என்றும் கூறுவர். விழாவை மன்னன் மாற்றிவிடலாம். வீதியின் அகலத்தை மாற்ற முடியுமா?

இனித்தான் என் திட்டத்தின் உயிர்ப்பகுதி. ஊர்காண் காதையின் வீதிகளை இன்றைய மதுரையில் நடந்து காட்ட முடியும். தெற்கு ஆவணி மூல வீதிக்குச் செல்லுங்கள். நகைக்கடைகள் வரிசையாக நிற்கும். அது இன்றைய பொன்வீதி. விளக்குத்தூணைச் சுற்றிய ஜவுளிக்கடைகள் இன்றைய அறுவை வீதி. இளங்கோவடிகள் பருத்தியும் மயிரும் பட்டும் என்று மூவகை நூல் சொன்னார். இன்று செயற்கை இழை நான்காவதாகச் சேர்ந்து மற்ற மூன்றையும் ஓரங்கட்டிவிட்டது. கீழமாசி வீதியில் பருப்பும் மிளகும் மல்லியும் மூட்டை மூட்டையாய் இறங்கும். அதுவே கூல வீதி. அங்கே நின்றால் மூக்குக்கே பாடம் நடக்கும்.

ஒவ்வொரு வீதிக்கும் ஐந்தாறு மாணவியரைப் பிரித்து அனுப்பி, பத்துச் சொற்களைச் சேர்த்து வரச் சொல்ல வேண்டும். பொன்வீதியில் டச்சு என்று ஒரு சொல் வழங்குகின்றது. பொன்னின் மாற்றைக் குறிப்பது. தொள்ளாயிரத்துப் பதினாறு என்று எண்ணையே பெயராக்கிச் சொல்வர். கூல வீதியில் சிப்பம் என்பர், தரகு என்பர், மண்டி என்பர். மூட்டையைப் பிரிக்காமலே தானியத்தின் தரம் பார்க்கக் குத்தி எடுக்கும் கருவியைக் குத்தூசி என்பர். கடைக்காரரிடம் பேசாமல் இச்சொற்கள் கிடைக்கமாட்டா. அடியார்க்கு நல்லார் உரையின் அருஞ்சொற்களுக்குப் பக்கத்தில் இச்சொற்களை எழுதி வைத்துப் பாருங்கள். வகுப்பறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் செய்யத் தவறிய விளக்கம் அதுவாக இருக்கும்.

கோயிலைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாற்றுச் சமயத்தார் எதுவரை செல்லலாம் என்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. அதை மதித்து நிற்பதில் குறைவொன்றுமில்லை. சித்திரை வீதியைச் சுற்றி நடந்து நான்கு பெருங்கோபுரங்களையும் ஒளி மாறுவதற்கேற்பக் காண்பதே ஒரு மணி நேரத்துக்குரிய வேலை. கிழக்கே புதுமண்டபம். திருமலை நாயக்கர் காலத்துக் கற்சிற்பக் கூடம். நெடுங்காலம் அதன் தூண்களுக்கிடையே தையற்கடைகளும் வளையற்கடைகளும் புத்தகக் கடைகளும் இருந்தன. அழகர் திருவிழாவுக்கு வேடமிடுவோர் உடுக்கும் உடைகளை அங்கே தைத்தவர்களுள் முஸ்லிம் தையற்காரர்கள் இருந்தனர். பரம்பரையாகவே அத்தொழிலில் இருந்தனர். 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றிய பின்னர்க் கோயிலைச் சார்ந்த கடைகளை அகற்றும் பேச்சு வலுத்தது. புதுமண்டபக் கடைகள் பின்னர்க் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களுக்கு அது நல்லதே, எனக்கு மறுப்பில்லை. ஆயினும் தையற்பொறியின் ஒலியோடு அம்மண்டபத்தைக் கண்டவன் நான். சத்திரத்துக்குச் சென்று அத்தையற்காரர்களோடு கால் மணி நேரம் பேசிவிட்டு வருவதையும் திட்டத்தில் சேர்த்திருக்கின்றேன்.

நடை மகாலில் முடியும். நாம் காண்பது திருமலை நாயக்கர் கட்டியதில் ஒரு பகுதியே. பெரும்பகுதியை அவருடைய பேரர் சொக்கநாதர் காலத்தில் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டு சென்றனர் என்பர். எஞ்சியதை ஆளுநர் நேப்பியர் காலத்தில், 1866-க்கும் 1872-க்கும் இடையே செப்பனிட்டனர். பின்பு நீதிமன்றமாகவும் இயங்கியது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டெழுந்த அத்தூண்களில் வந்து போனவர்கள் தத்தம் பெயரைக் கீறி வைத்திருப்பதைக் கண்டு மனம் நொந்திருக்கின்றேன். நம் மாணவர் கை அதில் பட்டதோ என்று ஆராயவில்லை, ஆராய அஞ்சினேன்.

பிற்பகலுக்கு ஒன்றே ஒன்று. கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். 2014-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பொருள்களைக் கொண்டு 2023 மார்ச் 5 அன்று அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கரிமப் பகுப்பாய்வு செய்த மாதிரிகளுள் ஒன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டைக் காட்டியது. செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் விளையாட்டுக் காய்களும் அணிகலன்களும் கிடைத்துள்ளன. தமிழ் மாணவருக்கு அங்கே காணத்தக்கது பானை ஓடுகள். ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர் கீறிய ஓடுகள். மன்னரல்லர், புலவரல்லர், தம் பானை தமக்கு வேண்டும் என்று பெயரெழுதி வைத்தவர்கள். மகால் தூணில் பெயர் கீறியவர்களை மேலே கடிந்துகொண்டேன். ஆதனைக் கடிய மனம் வரவில்லை. அவன் கீறியது தன் சொந்தப் பானையில்.

கீழடியையும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் சேர்த்துவிடலாமே என்று உடன்பணியாற்றும் நண்பர் ஒருவர் கேட்டார். 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட அந்நூலகம் காணத்தக்கதே. சேர்த்தால் மறுபடியும் பழைய கதைதான். விட்டவற்றை எண்ணினால் எனக்கும் வருத்தமே. வைகைக்கு வடக்கே கோரிப்பாளையம் தர்காவில் 1573-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றுண்டு. கூன்பாண்டியன் காலத்தில் அங்குள்ள பள்ளிக்கு வழங்கிய நிலங்களை வீரப்ப நாயக்கர் உறுதிப்படுத்தியதைச் சொல்லும் கல் அது. மாங்குளத்து மலையில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு. பாரதியார் 1904-இல் சில திங்கள் ஆசிரியராயிருந்த சேதுபதி பள்ளியும், பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய தமிழ்ச் சங்கமும் உண்டு. இவையெல்லாம் இரண்டாம் பயணத்துக்கும் மூன்றாம் பயணத்துக்கும் உரியவை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பாடிய அல்லங்காடியையும் இப்போதைக்கு விட்டுவிடுகின்றேன். பகலங்காடியை நம் பெண்பிள்ளைகள் கண்டு வரட்டும். இரவங்காடிக்கு வீட்டாரோடு ஒருநாள் வருவார்கள்.

உணவைப் பற்றி ஒரு சொல். ஜிகர்தண்டா குடிக்காமல் திரும்பினால் பிள்ளைகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஈரல் குளிர்ச்சி என்னும் பொருளுள்ள இந்துஸ்தானிச் சொல் பாலிலும் பாதாம் பிசினிலும் நன்னாரியிலும் கரைந்து மதுரைத் தமிழாகிவிட்டது. அதையும் சொற்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எதைக் காண்பது என்று சொன்னேன். எப்படிக் காண்பது என்பதற்கு வேறொரு பயணியைத் துணைக்கழைக்கின்றேன். பதினான்காம் நூற்றாண்டில், மதுரையில் சுல்தான்கள் ஆட்சி நடந்தபோது, இப்னு பதூதா இங்கு வந்தார். அன்று அரியணையிலிருந்த கியாசுத்தீன் அவருக்கு உறவு முறை. இருவர் மனைவியரும் உடன்பிறந்தவர்கள். விருந்தினராய், உறவினராய், அதே சமயத்தவராய் வந்த அவர் தம் பயண நூலில் அம்மன்னரைப் புகழ்ந்து நான்கு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எழுதவில்லை. போரில் சிறைப்பட்ட ஆடவரோடு பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதைக் கண்டு, இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசனிடமும் கண்டறியேன் என்னும் பொருள்பட எழுதி வைத்தார். மதுரைக்கு வந்தபோது நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. பிடித்தவர் இரண்டு மூன்று நாளில் மாண்டனர். அவரையும் காய்ச்சல் பற்றியது. புளியை நீரில் கரைத்துக் குடித்து உயிர் பிழைத்தார். அவ்வூர் தமக்குப் பிடிக்கவில்லை, விடைபெற்றுக் கிளம்பினேன் என்றும் மறைக்காமல் சொன்னார்.

நம் மாணவர் எழுதும் சுற்றுலா அறிக்கைகளில் எல்லா ஊரும் எழில் கொஞ்சும் ஊராகவே இருக்கின்றது. வைகையில் நீருக்கு மாறாகச் சாக்கடை ஓடும் நாளிலும் வற்றாத வைகை என்றே எழுதுகின்றனர். அவ்வாறு எழுதப் பழக்கியவர்கள் நாங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றெழுதினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சத்தை நான் முதலில் போக்க வேண்டியிருக்கின்றது.

இனிச் சமுதாயப் பெரியோர்களை நோக்கிச் சில சொற்கள். படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஊர் சுற்றுவது எதற்கு என்று தாங்கள் கேட்பது என் செவியில் விழுகின்றது. நம் மாணவி ஒருத்தி இளங்கலையும் முதுகலையும் நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள், பி.எட். முடித்தாள். ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். தேர்வு மையம் மதுரை என்று நுழைவுச்சீட்டு வந்தது. அண்ணன் வெளிநாட்டில், அத்தாவுக்கு அன்று கடையை மூட முடியவில்லை. உடன் செல்ல ஆளில்லாமல் அவள் தேர்வே எழுதவில்லை. ஏழாண்டுக் கல்வி ஒரு பேருந்து நிலையத்தின் முன் நின்றுபோனது. பெரியார் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது, யாரிடம் வழி கேட்பது என்று முன்னமே ஒருநாள் தோழியரோடும் ஆசிரியரோடும் நடந்து பழகியிருந்தால் அவள் சென்றிருப்பாளா? உறுதி கூற முடியாது. கேட்டுப் பார்க்கும் துணிவாவது வீட்டாருக்கு வந்திருக்கும்.

பாதுகாப்பு பற்றிய கவலை மெய்யான கவலை. அதற்கு விடை, வீட்டில் இருத்துவதன்று. செம்மையாக ஏற்பாடு செய்வது. இரண்டு பேராசிரியைகள் உடன் வருவர். குழுவுக்கு ஒரு பொறுப்பு மாணவி. ஒவ்வொரு மணிக்கும் கூடும் இடம் குறிக்கப்பட்டுள்ளது. வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்றையும் பேசிவிடுகின்றேன். நான் நான்கு முறை சென்று நேரம் குறித்தது வீதிகளுக்காக மட்டுமன்று; பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை எங்கெங்கே உள்ளது என்று அறியவுமே. பேராசிரியை ஒருவர் என்னோடு வந்து ஒவ்வொன்றையும் பார்த்து, மூன்றை ஒதுக்கி, இரண்டை ஏற்றார். நம் சுற்றுலாத் திட்டங்களில் இதை ஒருவரும் எழுதுவதில்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே திரும்பும் பிள்ளைகள் எதைக் கண்டு மகிழ்வர்?

செலவும் மிகவில்லை. தங்கலறை இல்லை, நுழைவுக் கட்டணம் மிகச் சில, நடைக்குக் காசில்லை. பேருந்து வாடகையும் ஒருவேளை உணவுமே. ஆண்டுவிழாப் பந்தலுக்கு ஆகும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும் என்று ஆட்சிக்குழுவின் முன் கணக்கு வைத்தேன்.

சென்ற மாதம் குழு இசைவு தந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் நெடுநேரம் பேசாமலிருந்தார். முடிவில், தம் பேத்தி முதலாண்டு படிப்பதாகவும் அவள் பெயரும் பட்டியலில் உண்டா என்றும் கேட்டார். உண்டு என்றேன். சரி என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.

இவ்வாண்டு வரவிருக்கும் பயணத்துக்கு இதுவரை 26 மாணவியர் பெயர் கொடுத்துள்ளனர். இரண்டாண்டுகளுக்கு முன் அவ்விரு வரிகளை எழுதியவள் இப்போது முதுகலையில் இருக்கின்றாள். கூல வீதிக் குழுவுக்கு அவள் பொறுப்பு. நேற்று அவள் தாயார் துறைக்கு வந்தார். மகளை அனுப்ப மாட்டேன் என்று சொல்ல வந்தாரோ என்று நெஞ்சு படபடத்தது.

“பஸ்ஸுல எடம் இருந்தா நானும் வரலாமா சார்? காசு குடுத்துர்றேன். மதுரைக்குப் பல தடவ போயிருக்கேன். ஊரப் பாத்ததில்ல.”

சன்னலோரமாக ஓர் இருக்கை ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.